வால்மீனின் பனி உருமாறும் விதம்

அல்சூர் ஏரிக்கரையில் கூடியிருக்கும் தமிழன்பர்களே, வணக்கம். இந்நகரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தை உருவாக்கிய வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்த 1949இல் தோழர்களுடன் ஒரு வால்மீனைக் கண்டறிந்தவர். ஆகவே பெங்களூரில் இப்பொருளைப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

சூரியனை நெருங்கும் வால்மீனில் பனி உருகுகிறது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். உண்மையில், காற்றழுத்தமற்ற வெளியில் அது நீராகாமல், திறந்து வைத்த கற்பூரம்போல நேரே ஆவியாகிறது. ஆனால் அதற்கு வெகு முன்பே, அந்தப் பனிக்குள் வேறொரு மாற்றம் நிகழ்கிறது.

நம் வீட்டுப் பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. கடுங்குளிரில் தூசியின்மீது படிந்த மூலக்கூறுகளுக்கோ நகர்ந்து வரிசைகொள்ளும் ஆற்றல் இல்லை. அவை விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களையும் இடுக்குகளில் சிறைப்படுத்தின என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சூரியனை நோக்கி வரும் வழியில் வெப்பம் மைனஸ் 140 டிகிரி செல்சியஸை ஒட்டி உயரும்போது, இந்த ஒழுங்கற்ற பனி, வரிசைகொண்ட படிகமாக மாறத் தொடங்குகிறது. சிறைப்பட்ட வாயுக்கள் வெளியேறுகின்றன. தூய பனியாயின் வெப்பமும் வெளிப்பட்டு, அடுத்த அடுக்கையும் மாறத் தூண்டும்.

நீர்ப்பனி தாராளமாக ஆவியாவது ஏறத்தாழ 3 வானியல் அலகுக்குள், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப் போல் மூன்று மடங்குக்குள், வந்த பிறகுதான். ஆயினும் 1995இல் ஹேல்-பாப் வால்மீன் சுமார் 7 அலகு தொலைவிலேயே பொலிவுடன் காணப்பட்டது. தனியே உறைந்திருந்த கார்பன் மோனாக்சைடுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் வியாழனுக்கு அப்பால் சுற்றும் ஸ்வாஸ்மான்-வாக்மான் 1 வால்மீன் அடிக்கடி திடீரெனப் பொங்குவதற்குப் படிகமாற்றமே பொருத்தமான விளக்கம் என்று நான் கருதுகிறேன்.

சூரியனை நெருங்கியபின் நடப்பதை ரோசெட்டா விண்கலம் 2014இல் சுர்யுமோவ்-கெராசிமென்கோ வால்மீனில் அருகிருந்து கண்டது. அதன் கழுத்துப் பகுதியான ஹாப்பியில் நிழல் விழுந்ததும் மேற்பரப்பு விரைவாகக் குளிர்கிறது. சற்றே ஆழத்தில் இன்னும் கதகதப்பாயிருக்கும் பனியிலிருந்து எழும் நீராவி, மேலே வந்து வெண்பனியாக உறைகிறது. மீண்டும் வெயில் பட்டவுடன் அது மறைகிறது. சுமார் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைச் சுற்றும் அந்தக் கருநிற உடல், ஒவ்வொரு சுற்றிலும் இதைத் திரும்பச் செய்கிறது! வெப்பமோ தூசிப்படலத்தைத் தாண்டி மிக மெதுவாகவே உள்ளே இறங்குவதால், ஆழத்தில் பழைய பனி எஞ்சியிருக்க வாய்ப்புண்டு.

அதைக் கையில் பெறுவதே என் போன்றோரின் பெருவிருப்பம். வைல்டு-2 வால்மீனிலிருந்து ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006இல் கொண்டுவந்தது தூசியை மட்டுமே. ஒருமுறை படிகமான பனி, மறுபடி குளிர்வித்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே, தோண்டியெடுக்கும் கணம் முதல் ஆய்வகத்து மேசை வரை, மைனஸ் 140 டிகிரிக்கும் வெகு கீழான குளிரை இடையறாமல் காக்கும் கலம் ஒன்று நமக்குத் தேவை.