பச்சைச் சூரியனும் ஒன்றரை ஏரி நீராவியும்

(காட்சி: மெரினா, விடியற்காலை)

1883 செப்டம்பரில் சில நாட்கள் மதராஸில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்திருந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைமானியில் (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) பார்த்தார். நீராவியின் தடயம் தூக்கலாகத் தெரிந்தது. நீராவிதான் காரணம் என்று கருதினார். உண்மையில் சாயம் பூசியவை எரிமலைத் துகள்கள்.

நீராவியின் முறை வர ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

(காட்சி: அடுப்பில் இட்லிக் குண்டான்)

மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். மேலே போன ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டி விழுகிறது. சென்னைக்கு மேலேயும் இப்படியொரு மூடி உண்டு. சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரியை ஒட்டி இருக்கும். வங்கக் கடலின் ஈரம் அங்கே போவதற்குள் உறைந்து உதிர்ந்துவிடும். அதனால் அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் பாலைவனத்தைவிட வறண்டது.

2022 ஜனவரி 15 அன்று டோங்கா நாட்டின் கடலடி எரிமலை அந்த மூடியைப் பிய்த்துக்கொண்டு போனது. எரிமலை வாய் இருந்தது சுமார் 150 மீட்டர் ஆழத்தில். இன்னும் ஆழமென்றால் நீரின் எடை வெடிப்பை அமுக்கியிருக்கும். ஆழம் குறைவென்றால் ஆவியாக இவ்வளவு தண்ணீர் கிடைத்திருக்காது. பதம் அப்படி அமைந்துவிட்டது. புகைத்தூண் 57 கிலோமீட்டர் எழுந்தது.

மேலே ஏறிய நீராவி சுமார் 14.6 கோடி டன் என்று நாசா செயற்கைக்கோள் அளவீடு காட்டியது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் சுமார் 10 கோடி டன். ஆக, ஏறக்குறைய ஒன்றரை ஏரி! அடுக்கு மண்டலத்தின் மொத்த ஈரத்தில் இது பத்தில் ஒரு பங்கு. கீழே இருக்கும் ஆவி சில நாட்களில் மழையாகிவிடும். அங்கே மழை ஏது? ஆண்டுக்கணக்கில் தங்கும்.

நீராவி பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 1991இல் வெடித்த பிலிப்பைன்ஸ் எரிமலை பினாட்டுபோ செய்தது நேர்மாறு: அதன் கந்தக டை ஆக்சைடு நுண்துளிகளாகி வெயிலை மறைத்து, உலகை சுமார் அரை டிகிரி குளிர்வித்தது. டோங்காவில் கந்தகம் அதில் சிறு பங்குதான்.

பிறகு 2023, 2024 வெப்பச் சாதனைகள் வந்தன. உடனே கை நீண்டது டோங்காவை நோக்கி. கணக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்த விளைவோ மிகச் சிறியது. சில ஆய்வுகளில் கந்தகமும் சேர்ந்து லேசான குளிர்ச்சியே விடையாக வந்தது. நீராவிமேல் இரண்டாவது வீண்பழி.