ஊர் பெருகுவது யாரால்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பகுதியில் மக்கள்தொகை கூடிவிட்டது என்று கேள்விப்பட்டதும், அங்கே குழந்தைகள் நிறையப் பிறக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பல இடங்களில் அது சரியில்லை.

பிறந்தவர்களைக் கூட்டி, இறந்தவர்களைக் கழிக்கிறோம், அப்புறம் வந்து குடியேறியவர்களைக் கூட்டி, வெளியேறியவர்களைக் கழிக்கிறோம், கணக்கு அவ்வளவுதான். உலகம் முழுவதற்கும் சேர்த்துப் போட்டால் பின்பாதி தானாகவே அடிபட்டுப் போகும். ஆனால் நாடு, மாவட்டம், நகரம் என்று இடம் சிறுக்கச் சிறுக்க அந்தப் பின்பாதியின் கைதான் ஓங்குகிறது.

ஜெர்மனியைப் பாருங்கள். 1972 முதல் ஒவ்வொரு ஆண்டும் அங்கே பிறப்பைவிட இறப்பே அதிகம். அப்போது 8 கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள்தொகை இன்று 8.3 கோடியைத் தாண்டி நிற்கிறது என்றால், அது முழுக்க வந்து குடியேறியவர்களால்தான். ஜப்பானில் குழந்தைப் பிறப்பு விகிதம் மிகக் குறைவாக இருப்பது டோக்கியோவில், ஆனாலும் நாடே சுருங்கத் தொடங்கிய பிறகும் பல ஆண்டுகள் அந்த நகரம் வளர்ந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் மற்றப் பகுதிகளின் இளைஞர்கள் படிக்கவும் வேலை பார்க்கவும் அங்கே போகிறார்கள்.

இந்த 'இளைஞர்கள்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஊரைவிட்டுப் போகிறவர்களில் பெரும்பங்கு இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள். ஒரு பெண் வேலைக்காக நகரத்துக்குப் போனால் ஊர்க்கணக்கில் ஒன்று குறைகிறது, சரி, ஆனால் அவளுக்குப் பிறக்கும் இரண்டு குழந்தைகளும் நகரத்தின் கணக்கில்தான் ஏறுகிறார்கள், அதுவும் இடப்பெயர்வு என்ற தலைப்பில் அல்ல, 'இயற்கைப் பெருக்கம்', அதாவது பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்த மீதி, என்ற தலைப்பில். முதியவர்கள் மிஞ்சிய ஊரில் இறப்பு விகிதம் ஏறும், அதுவும் 'இயற்கை' என்றே பதிவாகும். அதனால் அட்டவணையில் காட்டும் பங்கைவிட இடப்பெயர்வின் உண்மையான பங்கு பெரியது என்பது என் உறுதியான கருத்து. பல்கேரியா இதை வலியோடு காட்டுகிறது. 1980களின் இறுதியில் 90 லட்சத்தை நெருங்கியிருந்த மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 65 லட்சம். போனவர்கள் மட்டும் போகவில்லை, அங்கே பிறந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறையும் கூடவே போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேவன்ஸ்டீன் என்ற புவியியலாளர் 1885லேயே, இடம்பெயர்கிறவர்களில் பெரும்பாலோர் குறுகிய தூரமே போகிறார்கள் என்றும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்றும் எழுதினார். நாம் அந்த எதிரோட்டத்தை மறந்துவிடுகிறோம். ஒரு நகரத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்து தொண்ணூற்றைந்தாயிரம் பேர் வெளியேறினால், நிகரமாகத் தெரிவது ஐயாயிரம்தான், ஏதோ அமைதியான ஊர்போலத் தோன்றும். ஆனால் அங்கே வாடகை வீடுகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆறு மாதம் கட்டட வேலைக்கு வந்து திரும்புகிறவரோ, நிகரக் கணக்கு இருக்கட்டும், பல நாடுகளில் வந்தவர் என்ற கணக்கிலேயே சேர்வதில்லை. கணக்கெடுப்பவர்கள் அவர் வழக்கமாக வசிக்கும் இடம் என்று சொந்த ஊரையே எழுதிக்கொள்கிறார்கள். அவர் குடிக்கும் தண்ணீர், ஏறும் பேருந்து, காய்ச்சல் வந்தால் போகும் மருத்துவமனை எல்லாம் இருப்பது நகரத்தில், ஆனால் அவருக்கான நிதி ஒதுக்கீடு இன்னொரு இடத்தின் பெயரில் இருக்கிறது.