முனை நீலமாச்சுன்னா உளி போச்சா?

பட்டர்வொர்த்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, லேத்துல பேனா கடையறதுக்கு ஸ்கியூங்கிற சாய்முனை உளி ஒண்ணும், சதுர பிளேடு போட்ட கார்பைடு உளியும் வச்சிருக்கேன். எத்தனை பேனாவுக்கு ஒரு தடவை சாணை பிடிக்கணும்? போன வாரம் பிடிச்சப்போ ஸ்கியூ முனை நீலமாயிடுச்சு. உளி போச்சா?"

நீலத்தை முதல்ல முடிச்சிடுவோம். உளியில எச்எஸ்எஸ்னு, அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல்னு, போட்டிருந்தா ஒண்ணும் போகல லா. அந்த இரும்பை 550 டிகிரி கிட்ட வச்சுப் பதப்படுத்துறாங்க. நீலம் 300 டிகிரியிலேயே வந்துடும். சாதா கார்பன் ஸ்டீலா இருந்தா, நீலமான இடம் பதம் போய் மென்மையாயிடுச்சுன்னு அர்த்தம். அந்த நீலம் மொத்தமும் போற வரைக்கும் தேய்க்கணும். எழுத்து அழிஞ்சிருந்தா, சாணையில தெறிக்கற தீப்பொறியைப் பாருங்க. கார்பன் ஸ்டீல் வெள்ளையா, மத்தாப்பு மாதிரி கிளை கிளையா வெடிக்கும். எச்எஸ்எஸ் மங்கலா சிவப்பா ஓடும், அவ்வளவா வெடிக்காது. கார்பன் ஸ்டீலைத் தண்ணில அடிக்கடி முக்கலாம். எச்எஸ்எஸ் சூடா இருக்கறப்போ முக்காதீங்க, முனையில மயிரிழை விரிசல் விழும்.

இப்ப அந்த "எத்தனை பேனா"ங்கிற கேள்வி. எண்ணிக்கை கேக்குறீங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. ரப்பர் மரத்துல கடையறதும் தேக்குல கடையறதும் ஒண்ணா? தேக்குல சிலிக்கா இருக்கு, மணல் மாதிரி முனையைத் தின்னும். எண்ணெய்ப் பனை இன்னும் மோசம். அதுல ஒரே பேனாவுக்கு நடுவுல ரெண்டு தடவை சாணைக்குப் போக வேண்டி வரும்.

மழுங்கினது எப்படித் தெரியும்னு கேட்டிருக்கணும், தம்பி. பழைய ஆளுங்களுக்குத் தெரியும், மறுபடியும் சொல்றேன்: விளக்குக்கு நேரா முனையைத் திருப்பிப் பாருங்க. வெள்ளைக் கோடு மின்னுச்சுன்னா மழுங்கிடுச்சு. கூரான முனையில வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இல்லை, அங்க ஒண்ணும் தெரியக் கூடாது. லேத்துல இருக்கறப்போ, சுருள் சுருளா வந்த சீவல் தூளா மாறும். அக்ரிலிக்னா, பேனா அளவு காட்டற வளையம் இருக்கே, அந்த புஷிங் ஓரத்துல துணுக்கு தெறிக்கும். கை தானா அழுத்த ஆரம்பிக்கும். அழுத்தறீங்கன்னா ஏற்கெனவே லேட்டு.

சாணை பிடிக்கிறதுன்னா உளிக்குப் புது உருவம் குடுக்கறது இல்ல, முனையை மட்டும் புதுப்பிக்கறது. ஸ்கியூ ரெண்டு பக்கமும் சேர்த்து 35லிருந்து 40 டிகிரி, கட்டையை முதல்ல உருட்டற குழி உளி, அந்த ரஃபிங் கௌஜ் 45. முனைக்குப் பின்னாடி இருக்கற சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால கறுப்படிங்க. கிரைண்டர் பிளக்கைக் கழட்டிட்டு, உளியைக் கல்லுல வச்சு, கல்லைக் கையால சுத்துங்க. மை அடிப்பக்கம் மட்டும் அழிஞ்சா கல் முனையைத் தொடவே இல்லை, ராத்திரி பூரா தேய்ச்சாலும் கூர் வராது. முனைப்பக்கம் மட்டும் அழிஞ்சா கோணம் நிமிர்ந்து மொண்ணையாகுது. அடியிலிருந்து முனை வரைக்கும் ஒரே பட்டையா அழியற வரை, உளியை வைக்கற தாங்கியைத் திருத்துங்க. அப்புறம் 80 இல்லேன்னா 120 கிரிட் (சொரசொரப்பு எண்) வெள்ளைக் கல்லுல ரெண்டு மூணு தடவை, லேசா, போதும். கல்லு பளபளன்னு இருந்தா அது வெட்டாது, சூடுதான் பண்ணும். டைமண்ட் டிரெஸ்ஸர்ங்கிற வைரம் பதிச்ச கருவியால கல்லோட முகத்தைச் சுரண்டி விடுங்க. உங்க நீலத்துக்குக் காரணம் இதுவா இருக்கலாம், இல்ல அழுத்தமா இருக்கலாம். சாதாரண கிரைண்டர் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு நிமிஷத்துக்கு 2,850 சுத்து கிட்ட ஓடும், 1,450ல ஓடற மெதுவான கிரைண்டர் கிடைச்சா நல்லது.

ஸ்கியூவுக்கு, ரெண்டு சாணைக்கு நடுவுல, வைரத்தூள் பதிச்ச 600 கிரிட் டைமண்ட் அட்டையில நாலஞ்சு இழுப்பு. சரிவோட அடியும் முனையும் ரெண்டும் அட்டையைத் தொடணும். அப்படிச் செஞ்சா கிரைண்டர் பக்கம் போறதே குறையும்.

கார்பைடுக்கு அந்த வெள்ளைக் கல் ஆகாது. சதுர பிளேடுல நாலு பக்கம் இருக்கு, ஒரு மூலையில புள்ளி வச்சு வரிசையாத் திருப்புங்க. திருப்பறப்போ அடியில இருக்கற தூளைத் துடைக்கணும். ஒரு துணுக்கு மாட்டி ஸ்க்ரூவை இறுக்கினா பிளேடு விரிசல் விட்டுடும். நாலும் போச்சுன்னா டைமண்ட் அட்டையில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு, தட்டையான மேல்முகத்தை மட்டும் பத்துப் பதினஞ்சு தடவை தேயுங்க. சாய்ஞ்ச ஓரத்தைத் தொட்டா அளவும் கோணமும் மாறிடும். பேனாக் கட்டையோட நுனியைச் சமமா வெட்டற பேரல் டிரிம்மரையும் மறந்துடறோம், அதுதான் பித்தளைக் குழாயையே வெட்டுது. அதோட ஒவ்வொரு பல்லுக்கும் அதே அட்டையில ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஒரு பல்லு உசந்துட்டா அது ஒண்ணுதான் வெட்டும்.

அப்புறம் நம்ம காத்து. பினாங்குத் தீவுல இருந்தாலும் பட்டர்வொர்த்துல இருந்தாலும் உப்புதான், ஈரம்தான். எச்எஸ்எஸ்ஸும் துருப்பிடிக்கும். சரிவைத் தேய்ச்சிடறோம், கௌஜோட உள்குழியை யாரும் பாக்கறது இல்லை. முனைங்கறது ரெண்டு முகம் சேர்ற இடம். உள்ள துரு குழி விட்டிருந்தா, வெளிய எவ்வளவு தேய்ச்சாலும் முனை பல்லுப் பல்லாத்தான் வரும், அது பேனா மேல கோடு கோடா விழும். வேலை முடிஞ்சதும் துடைச்சு, மெஷின் எண்ணெய் லேசாத் தடவி வைங்க. துணியில சுத்தி வைக்காதீங்க, துணி ஈரத்தை இழுத்து வச்சுக்கும்.