முக்கால் மீட்டருக்காகப் பேசுகிறேன்

நடுவர் ஐயா, எதிரணியில் இருக்கும் அருமைத் தோழிகளே, முன்வரிசையில் கொசுவம் கலையாமல் உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கைகளே, பின்வரிசையில் சாப்பாட்டுப் பந்தி எப்போது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற அண்ணன்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைய பெண்ணுக்கு எழில் சேர்ப்பது சேலையா, பிளவுஸா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தோழி சேலைப் பக்கம் நின்று நன்றாகவே பேசினார். ஐந்தரை மீட்டர் சேலைக்கு முன்னால் முக்கால் மீட்டர் துணி எம்மாத்திரம் என்று கேட்டார், கைதட்டல் அள்ளினார். நானும்தான் தட்டினேன். இந்த இடத்தில் நான் "கடுகு சிறுத்தாலும்" என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்து அதற்கு ஒரு பதிலை எதிரணியில் எழுதியே வைத்திருக்கிறார்கள், தாள் இங்கிருந்தே தெரிகிறது. ஆரம்பிக்க மாட்டேன். ஒரு கல்யாணக் கதையைச் சொல்கிறேன், அது போதும்.

என் சித்தி மகள் கல்யாணம். வரவேற்புக்கு வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி கட்ட வேண்டும் என்று முடிவாகி, சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் சொல்லி 14 சேலை எடுத்தோம். ஒரே மயில்கழுத்து நிறம், ஒரே கரை, ஒரே முந்தி, ஒரே விலை. எதிரணி சொல்வதுபோல் எழில் முழுக்கச் சேலையில்தான் இருக்கிறது என்றால் அன்றைக்கு மண்டபத்தில் 14 பேரும் ஒரே அழகில் நின்றிருக்க வேண்டும், இல்லையா? நடந்தது வேறு. ஒருத்தி முழங்கை வரை கை வைத்து, கை ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஆரி எம்பிராய்டரியில் ஒரு வரி ஓட விட்டிருந்தாள். இன்னொருத்தி தோளுக்குத் தோள் அகலமாகப் போகிற போட் நெக் போட்டு முதுகில் ஒரே ஒரு துளி மாதிரி திறப்பு. கல்லூரியில் படிக்கிற பெண் கையே இல்லாமல் தைத்து வந்தாள், அவளுடைய பெரியம்மா பஃப் கை வைத்து வந்தார், அது அவர் காலத்து பஃப், இப்போது மறுபடி பேஷன் ஆகிவிட்டதால் அன்றைக்கு ரொம்ப நவீனமாகத் தெரிந்தவர் அந்தப் பெரியம்மாதான். நான் சோம்பேறி. சேலையோடு வந்த துணியையே கொடுத்து "வழக்கம்போல தைங்க" என்று சொல்லிவிட்டேன். போட்டோவில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேட என் வீட்டுக்காரருக்கே ரெண்டு நிமிஷம் ஆனது.

சேலைக்கு அளவே கிடையாது ஐயா. ஒல்லியான பெண்ணுக்கும் அதே சேலை, குண்டான பெண்ணுக்கும் அதே சேலை, மாமியாருக்கும் மருமகளுக்கும் அதே சேலை. அது பெரிய குணம், நான் மறுக்கவில்லை. ஆனால் உடுத்துகிறவள் யாரென்று அந்தத் துணிக்குத் தெரியாது. அவளுக்கென்றே வெட்டி, அவள் தோளுக்கும் அவள் கைச்சுற்றுக்கும் தைத்தது அவள் போட்டிருக்கிற பிளவுஸ் ஒன்றுதான். சேலையின் அழகை நெசவாளி தறியிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறார். நாம் கடையில் போய் 40 சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டு வருகிறோம். கழுத்து வட்டமா, சதுரமா, பானையா, காலரா, கை எங்கே முடிய வேண்டும், கொக்கி முன்னாலா பின்னாலா, இதெல்லாம் நாம் வாய் திறந்து சொல்லி வாங்குகிற அழகு.

அதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பின்கழுத்தை ஆழமாக இறக்கினால் தோள் நழுவும், அதனால்தான் மேலே ஒரு கயிறு வைத்துக் கட்டுகிறோம், தொங்கல் அப்புறம் வந்த அலங்காரம். துணியைக் குறுக்குவாட்டில் வெட்டினால் கொஞ்சம் இழுவை கிடைக்கும், உடம்போடு உட்காரும். பிரின்சஸ் கட் என்றால் டாட் என்கிற சின்ன மடிப்புத் தையல் பிடிப்பதற்குப் பதிலாக அக்குளிலிருந்தோ தோளிலிருந்தோ ஒரே வளைவுத் தையல் இடுப்பு வரை இறங்கும். லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி வெளித்துணி கொப்பளிக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் ஊரில் ஒரு டெய்லர், பேர் வேண்டாம், என் பச்சை பிளவுஸை அப்படித்தான் தைத்துக் கொடுத்தார். கேட்டால் "நீங்க ரொம்ப துவைச்சிட்டீங்க" என்றார்.

எதிரணித் தோழி காஞ்சிபுரம் கோர்வைச் சேலையைப் பற்றிச் சொன்னபோது அரங்கமே உருகியது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும், நெய்கிறவருக்குத் துணையாகத் தறியில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எல்லாம் உண்மை, அந்த உழைப்புக்கு என் கும்பிடு. ஆனால் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அந்தக் கரை எங்கே போகிறது? பெரும்பகுதி காலடியில் போகிறது, மீதி தோள் வழியாக முதுகுப்பக்கம் போய்விடுகிறது. அரக்குச் சேலைக்கு மாம்பழ மஞ்சள் கரை என்றால் அந்த மஞ்சளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவது எது? கரை நிறத்தில் தைத்த பிளவுஸ். எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் நம் முகத்தைப் பார்க்கிறார், அடுத்தபடி கழுத்தும் கையும்தான் அவர் கண்ணில் படும். வீடியோ காலில் கொசுவத்தைப் பார்த்தவர் உண்டா? வாட்ஸ்அப் டிபியில் எத்தனை பேருடைய சேலை கால்வரை தெரிகிறது?

சரி, கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம், ஏனென்றால் பிளவுஸ் என்பது ஏதோ நேற்றைக்கு வந்த மினுக்கு என்பதுபோல இங்கே பேசப்பட்டது. வடக்கே வங்காளத்தில் ஞானதானந்தினி தேவி என்று ஒருவர், தாகூர் குடும்பத்து மருமகள். கணவர் சத்யேந்திரநாத், வெள்ளைக்காரர் காலத்து உயர் அரசுப் பணியான ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியர். கணவரோடு பம்பாய்க்குப் போனவர் அங்கே பார்சிப் பெண்கள் சேலை கட்டும் விதத்தைப் பார்த்து, உள்பாவாடை, ஜாக்கெட்டோடு கட்டுகிற முறையை ஊருக்குக் கொண்டுவந்து பரப்பினார். பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டி நாலு பேர் நடுவில் வந்து உட்கார அந்த ஜாக்கெட் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டுக் கதை இது.

நம் பக்கத்துக் கதை இதைவிடக் கனமானது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் தெற்குத் திருவிதாங்கூர். மேல்சாதிக்காரர்கள் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்று நாடார் சமூகப் பெண்களுக்குத் தடை இருந்தது. குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டதற்காக, தோளில் சீலை போட்டதற்காகச் சந்தையில் அடி வாங்கினார்கள், துணி கிழிக்கப்பட்டது. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டு, கடைசியில் 1859இல் திருவிதாங்கூர் மன்னர் உத்தரவு போட்டார். நாடார் பெண்கள் மேலே மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரியே உடுத்தக் கூடாது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா. துணியைக் கொடுத்துவிட்டார்கள், டிசைனைக் கொடுக்கவில்லை. என்ன மாதிரி போடுவது என்பது இன்னும் மேல்சாதிக்காரர்கள் கையில்தான் இருக்க வேண்டுமாம். அந்த மண்ணின் பேத்தி இன்றைக்கு நாகர்கோவிலில் ஒரு தையல்கடைப் படியேறி, போனைக் காட்டி, "இந்த மாதிரி கை, அந்த மாதிரி கழுத்து" என்று கேட்கிறாள். அதை வெறும் மினுக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து எதிரணி வைத்த பெரிய குண்டு: சேலை தலைமுறைக்கு நிற்கும், பிளவுஸ் ரெண்டு வருஷத்தில் பத்தாமல் போகும்.

பத்தாமல் போகும்தான். எனக்கு ஒரே வருஷத்தில் பத்தாமல் போனதும் உண்டு, அது பிளவுஸ் குற்றம் இல்லை. ஆனால் அந்தத் தலைமுறைச் சேலையைப் பீரோவிலிருந்து வெளியே எடுப்பது யார்? என் அம்மாவின் கல்யாணச் சேலை, 1989இல் எடுத்தது, நான் சொன்னேனே அதே அரக்கும் மாம்பழ மஞ்சளும். அதோடு தைத்த பிளவுஸ் வியர்வையில் அக்குள் பக்கம் ஜரிகை கறுத்து, துணி இற்றுப் போய்விட்டது. பிளவுஸ் போனதால் சேலையும் பல வருஷம் வெளியே வரவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருப்பார், வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி மறுபடி வைப்பார், அவ்வளவுதான். போன ஆடியில் நான் அதைத் தூக்கிக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போனேன். மாம்பழ மஞ்சள் கிடைத்தது, எடுக்கவில்லை. ஒரு பாட்டில் பச்சை ரா சில்க் கண்ணில் பட்டது. ஒரு வேலைப்பாடும் இல்லாமல், காலர் கழுத்து, முழங்கை வரை கை, ஓரத்தில் அரக்கு நிறத்தில் ஒரு பைப்பிங், அவ்வளவுதான் சொன்னேன். அதைப் போட்டுக்கொண்டு கொலுவுக்குப் போனேன். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் "புதுச் சேலையா?" என்றார்கள். அம்மா எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து இன்னொரு சேலையை எடுத்து என் மடியில் வைத்து, "இதுக்கும் ஒண்ணு அந்த மாதிரி தைச்சுக் குடு, எனக்கு" என்றார். அம்மாவுக்கு 61 வயது, காலர் வைத்த பிளவுஸ் இதற்கு முன் போட்டதே இல்லை.

செட்டிநாட்டுக் கண்டாங்கியையும் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்திச் சேலை, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. பாட்டிமார் ரவிக்கை இல்லாமல் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியது அது. இதை நானே எடுத்துக் கொடுக்கிறேன், எதிரணி வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளட்டும், பிளவுஸ் இல்லாமலும் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு அதே கண்டாங்கி அலுவலகத்துக்கு வருகிறதென்றால் எப்படி வருகிறது? கலம்காரித் துணியிலோ இக்கத்திலோ ஒரு பிளவுஸோடு சேர்ந்துதான் வருகிறது. சிலர் வெள்ளைச் சட்டையைப் போட்டு அதன் மேல் சேலை கட்டுகிறார்கள். "பாருங்கள், பிளவுஸே வேண்டாம் என்றாகிவிட்டது" என்றார் தோழி. அம்மா தாயே, அந்தச் சட்டை அங்கே பிளவுஸ் உத்தியோகம்தான் பார்க்கிறது!

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கட்சியிலும் சில கூத்து நடக்கிறது. கல்யாண பிளவுஸின் முதுகில் மணமக்கள் உருவத்தையே ஆரியில் போட்டுவிடுகிறார்கள். மாப்பிள்ளையின் மீசை கொஞ்சம் கோணிப் போனால் ஆயுசுக்கும் கோணல்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை பிடிக்கும், உருவம் வேண்டாம், ஒரு கொடியோ ரெண்டு மாங்காயோ போதும். ஆனால் அந்த ஆரி வேலையை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பட்டர் ஷீட் என்கிற மெல்லிய தாளில் படம் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, பொடியைத் தேய்த்துத் துணியில் அச்சு இறக்கி, மரச்சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, கொக்கி முனை ஊசியை மேலே இருந்து குத்திக் கீழே இருக்கிற நூலை மேலே இழுத்து, சங்கிலி சங்கிலியாகப் போட வேண்டும். முடிந்த பிறகுதான் துணியில் கத்திரியே விழும். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பெண்கள் கூடத்தில் சட்டம் போட்டு இந்த வேலை செய்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு உட்காருவார்கள். சேலைக்கு நெசவாளி இருக்கிறார் என்று சொன்னீர்களே, பிளவுஸுக்கும் ஒரு கை இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

மணி அடித்துவிட்டார் நடுவர், முதல் மணிதானே, ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மேடைக்கு வரும்முன் எதிரணித் தலைவி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுத் தனியாக ஒன்று கேட்டார். என் சேலை எந்தக் கடை, என்ன விலை என்றெல்லாம் கேட்கவில்லை. "பிளவுஸ் எங்க தைச்சீங்க?" என்றார். அக்கா, முகத்தை மூடிக்கொள்ள வேண்டாம். டெய்லர் நம்பரை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் தீபாவளி ஆர்டர் எடுப்பதில்லை என்று நேற்றே கடையில் போர்டு மாட்டிவிட்டார். என் பேரைச் சொல்லிப் பாருங்கள். அளவு ஜாக்கெட் எடுத்துப் போக மறந்துவிடாதீர்கள்.