கல்வெட்டு இல்லாதவர்களுக்கு என்ன ஆறுதல்?

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம்.

சாவை எதிர்கொள்ளத் துணிவு தருவது செய்த நன்மையா, உயிர்த்தெழுதல் நம்பிக்கையா என்பது வழக்கு. நன்மையே என்று பேசி அமர்ந்த எதிரணி அண்ணன், "ஒன்றா உலகத்து உயர்ந்த புகழல்லால் பொன்றாது நிற்பதொன் றில்" என்ற குறளைச் சொன்னபோது நானும் கை தட்டினேன். வள்ளுவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அண்ணன், புகழ் நின்றால் போதும், உயிர்த்தெழுதல் எதற்கு என்று கேட்டாரே, அதைத்தான் மறுக்க வந்திருக்கிறேன்.

ஒரு துஷ்டி வீட்டுக்கு அவரை அழைக்கிறேன். பிறந்த நான்காம் நாளே போய்விட்ட பச்சைப்பிள்ளை. அது பள்ளிக்கூடம் கட்டவில்லை, குளம் வெட்டவில்லை, ஒருவருக்கும் ஒருவாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு எது நிற்கும்? பால் கட்டி வலிக்கிற மார்போடு உட்கார்ந்திருக்கும் தாயிடம் எதிரணி எதைச் சொல்லும்? காலமெல்லாம் பீடி சுற்றி விரல் தேய்ந்து, அடுத்த தெருவுக்குக்கூடத் தெரியாமல் கண்மூடிய ஆச்சிக்கு எந்தக் கல்வெட்டு இருக்கிறது? நன்மை செய்ய வாய்ப்பும் வசதியும் கிடைத்தவர்களுக்கு மட்டுமே ஆறுதல் தருகிறது அண்ணனின் வாதம். மற்றவர்களை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளனை நினைத்துப் பாருங்கள். சொல்லிக்கொள்ள அவனிடம் ஒரு நன்மையும் இல்லை. இனிமேல் செய்யலாம் என்றால் கைகளில் ஆணி. அவனுக்குத்தான் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்குக் கிடைத்தது.

அப்படியானால் நன்மை செய்தவர்கள்? களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். கோவில்களில் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண்பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே 1951-இல் மறைந்தார். 1931-இல் விழுந்து அடிபட்டபின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தவர். அண்ணன் கேட்கிற புகழ் அவருக்குக் குறைவில்லாமல் இருந்தது. அவரோ, தம் குழிமேல் கல்லே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டியை அங்கே வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். பெயர் நிற்பதில்தான் துணிவு இருக்கிறது என்றால், அந்த அம்மையாருக்கு எங்கிருந்து வந்தது துணிவு? தம்மை எழுப்புகிறவர் ஒருவர் உண்டு, அவருக்குத் தம் பெயர் தெரியும் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது.

மோட்சத்தைப் பார்க்கிறவன் மண்ணை மறப்பான் என்றும் எதிரணி சொன்னது. ஞாயிறுதோறும் நம் ஊசிக்கோபுர ஆலயத்தில் அறிக்கையிடுகிறோமே, "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று! ஆவி மட்டும் தப்பித்துப் போகும் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த உடம்பையே ஆண்டவர் மீட்பார் என்கிறோம். அப்படி நம்புகிறவன் நோயுற்ற உடம்பை, ஊனமுற்ற உடம்பை எப்படி ஒதுக்குவான்? இந்த நம்பிக்கையோடு வந்த பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார்தான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கல்வி தொடங்கினார். மண்ணை மறந்தவர் செய்கிற வேலையா அது?

அடுத்து, நம்பிக்கை இருந்தால் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார்கள். இறந்துபோன தம் நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும்போதே, அவனை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் "இயேசு கண்ணீர் விட்டார்". வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் மரணத்தை நண்பன் என்று எழுதவில்லை. கடைசிச் சத்துரு என்றுதான் எழுதினார். சத்துரு வீட்டுக்குள் வந்து போனால் அழத்தான் செய்வோம். இந்த இடத்தில் எங்கள் சபையாரிடமும் ஒரு வார்த்தை. அடக்க ஆராதனையில் கதறுகிற மனைவியைப் பார்த்து, "அழாதே, உன் விசுவாசம் எங்கே?" என்று கேட்காதீர்கள். ஆண்டவரே கேட்காத கேள்வியைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

நன்மை வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை, நடுவர் அவர்களே. கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் கடைசிப் படுக்கையில் அதன்மேல் சாய முடியுமா? மரணப்படுக்கையின் அருகே உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். நல்லவர்களுக்குத்தான் அங்கே செய்யத் தவறியவை நினைவுக்கு வருகின்றன. பேசாமல் விட்ட தம்பி, திருப்பிக் கொடுக்காத கடன், அம்மாவிடம் சொன்ன ஒரு கடுஞ்சொல். மனச்சாட்சி கூர்மையாக இருக்க இருக்க, கணக்கும் நீளும். அந்த நேரத்தில், 'நீ எவ்வளவு செய்தாய், நினைத்துப் பார்' என்று சொல்வது ஆறுதலா? 'உன்னை மன்னித்தவர் உனக்கு முன்னே சாவுக்குள் போய்த் திரும்பி வந்திருக்கிறார்' என்று சொல்வது ஆறுதலா? தீர்ப்பில் இதற்குப் பதில் வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி.