சாவி யார் கையில்?

(சேலம் அம்மாபேட்டையில் தையல் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியது)

தலைவர் ஐயா அவர்களே, வார்டு வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து மாணவர்களை அழைத்து வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, கம்பெனி முதலாளிமார்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் என் தையல் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்த பெரியவருக்கும், அத்தனை பேருக்கும் தட்டுவடை செட் போட்டுத் தந்த தம்பிக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

கார்மெண்ட்ஸ் தொழிலாளியின் உற்பத்தித் திறன் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று பேசச் சொன்னார்கள். லைன் அமைப்பு, அதாவது வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாகம் தைக்கிற முறை; பயிற்சியும் கூலியும்; உடம்பு என்று மூன்றாகப் பிரித்து வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு சட்டைக்கு 20 நிமிட வேலை. லைனில் 40 பேர். 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். கணக்குப்படி 960 சட்டை வர வேண்டும். 480 சட்டைதான் வந்தது என்றால் பாதித் திறன். மீதிப் பாதி எங்கே போனது? கட்டிங்கிலிருந்து பண்டல், அதாவது வெட்டிய துணிக்கட்டு, வரத் தாமதம், நூல் அறுந்தது, காலர் வைக்கிற இடத்தில் தேங்கியது, செக்கிங்கில் திரும்பி வந்தது. ஒருவர் திணறினால் அவருக்கு அடுத்து இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். அந்தச் சுவரை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நான் லைன் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் லைனில் காலர் வைக்கிற ஒரு அக்கா. கை அப்படி ஓடும். காலையில் அவர் முன்னால் பண்டல் தங்காது. மதியம் மூன்று மணி ஆனால் போதும், மலைபோலக் குவிந்துவிடும். ஊசி மாற்றினேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டு நூல் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், பார்க்கச் சொன்னேன். லைட்டைக் கீழே இறக்கிக் கட்டினேன். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன். கடைசியில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் அவர் பையை எடுக்கும்போது தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலடியில் வந்தது. கழுத்துவரை தண்ணீர். வீட்டிலிருந்து கொண்டு வந்தது அப்படியே திரும்பிப் போகிறது. "குடிக்கலையா அக்கா?" என்றேன். "குடிச்சா போகணுமே கண்ணு, சாவி உங்கிட்ட இல்ல இருக்கு" என்றார்.

கழிப்பறைச் சாவி. ஒரு காலி நூல் கோனில் கட்டி, என் மேஜை ஆணியில் நான்தான் தொங்கவிட்டிருந்தேன். யார் போனாலும் என்னைக் கேட்டுத்தான் போக வேண்டும். போய் வரும் நேரத்தை நோட்டில் எழுதுவேன். மேலே தகர ஷீட், சித்திரை வெயில், பக்கத்திலேயே அயர்ன் டேபிள் ஆவி. அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஒரு மனுஷி காலர் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஊசியைக் குறை சொன்னேன். மறுநாள் பூட்டைக் கழற்றி வீசினேன். மேனேஜர் திட்டினார், திட்டட்டும். அந்த வாரமே மூன்று மணிக்கு மேல் பண்டல் தேங்குவது குறைந்தது. சுவர் இருந்தால்தானே சித்திரம்!

தாகத்தை அடக்கி, சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பு வரும், தலை சுற்றும், கவனம் சிதறும். தையல் கோணும், பீஸ் திரும்பி வரும், அடுத்த நாள் லீவு. முதலாளிமார்கள் தப்பாக நினைக்க வேண்டாம், நஷ்டம் உங்களுக்கும்தான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதையெல்லாம் எழுதி வைத்தது. வேலை நேரம் முழுக்கக் கழிப்பறைக்குப் போய்வர வசதி இருக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். சாவியைக் கேட்டு வாங்கச் சொல்லி எந்தப் பிரிவிலும் இல்லை.

பயிற்சி, கூலி பற்றி இன்னும் பேச வேண்டும். பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்கிற கூலி, அது ஒன்றே ஒரு மணி நேரப் பேச்சு. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். வாசல் மேஜையில் ஒரு மனு இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனிகளில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டும் டோக்கனும் நோட்டும் கூடாது, ஒவ்வொரு லைன் பக்கத்திலும் குடிநீர் வேண்டும். கேட்டிருப்பது இவ்வளவுதான். மாமன்ற உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதலாளிமார்களுக்கும் அதே தாளில் இடம் விட்டிருக்கிறோம்.