படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று ஒப்பிக்கிறது. நமக்கும் சந்தோஷம். அடுத்த முறை பக்கத்திலுள்ள படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கடைசி வரியில் ஒரு சொல்லைத் தொட்டு, ‘இது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் முதல் வரிக்கே திரும்பிப் போய், உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தைப் பிடிப்பார்கள். பாடம் மனப்பாடமாகியிருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துக்கூட்டிப் படிக்க இன்னும் வரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க இங்கிலாந்தில் 2012 முதல் ஒரு சோதனை நடத்துகிறார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து 40 சொற்களைப் படிக்கச் சொல்வார்கள். அவற்றில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. அர்த்தமில்லாததைப் படிக்க வைப்பதா என்று அங்கேயும் சண்டை உண்டு. ஆனால் அப்படிப்பட்ட சொல்லை யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது, பாருங்கள். நாமும் கரும்பலகையில் ‘டபாம்’ என்று எழுதிவிட்டுக் கேட்கலாம். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே படிக்கட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்க வைத்துவிட்டு, அப்புறம் சொல்லுக்கு வருவது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் சொல்லிக்கொடுத்தால் படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா. முதல் வாரங்களிலேயே பிள்ளை தானாக ஒரு சொல்லைப் படித்துவிடுகிறது. அந்த ருசி தெரிந்தபின் மற்ற எழுத்துகளைக் கொண்டுவருவது சுலபம்.

சிக்கல் கொம்பில் இருக்கிறது. ‘கொ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் ஒலி பிறகுதான் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய பிள்ளை கொம்பைப் பார்த்ததும் திகைத்து நிற்கும். கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தையும் அதற்குப் பின்னால் கால் இருக்கிறதா என்பதையும் பார் என்று தனியாகவே பழக்க வேண்டும். ‘மௌனம்’ என்பதை ‘மெ-ள-னம்’ என்று படிக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது படிக்கிறது. கு, சு, து மூன்றிலும் உகரம் வேறு வேறு உருவத்தில் இருப்பதும் இப்படித்தான்.

இன்னொரு இடம் வல்லினம். ‘பாம்பு’ என்ற சொல்லில் முதல் பகர ஒலி வேறு, கடைசிப் பகர ஒலி வேறு. எழுத்துக்கூட்டும் பிள்ளை இரண்டையும் வன்மையாகவே சொல்லும். சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்கும். பிறகு ‘ஓ, பாம்பு!’ என்று சரியாகச் சொல்லும். அந்த நொடியில் அவசரப்பட்டு வாயில் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கண் கூட்டியதைக் காது அடையாளம் காண்கிற இடம் அது. ஆனால் அந்தச் சொல்லை முன்பே கேட்டிருந்தால்தான் காது அடையாளம் காணும். கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. எது பூச்சியமானாலும் விடை பூச்சியம். அதனால் எழுத்துக் கற்றுக்கொடுக்கும் காலத்திலும் கதை சொல்வதை நிறுத்தக் கூடாது.

‘இருக்கிறது’ என்ற சொல்லைப் பார்த்து ‘இருக்கு’ என்று படிக்கிறதே, அதையும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருள் புரிந்துதான் அப்படி வருகிறது. எழுத்தை இன்னொரு முறை பார்க்கச் சொன்னால் போதும்.

ஆங்கில எழுத்தை அதன் ஒலியைக் கொண்டு கற்றுக்கொடுக்கும் ஒலிப்பு முறையை (ஃபோனிக்ஸ்) பற்றியும் சொல்ல வேண்டும். ‘பின்’ (pin) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு பீ, ஐ, என் என்று எழுத்தின் பெயர்களைச் சொன்னால் சொல் வராது. ஒலியைச் சொல்கிறேன் என்று ப, இ, ன என்றாலும் வராது. ப், இ, ன் என்றால்தான் ஒட்டும். நம் பிள்ளைகளுக்குப் புள்ளி வைத்த எழுத்து ஏற்கெனவே தெரியும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறக்குறைய 44 ஒலிகளைச் சுமக்கின்றன. அதற்கென்று செய்த பயிற்சித் தாளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் உயிர்மெய்யை எங்கே வைப்பது?

நான்காம் வகுப்புக்கு வந்தும் படிக்கத் தெரியாத பிள்ளையிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாதீர்கள். கூச்சத்திலேயே மூடி வைத்துவிடும். வகுப்பின் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். எல்லாப் பெயரும் காதுக்குத் தெரிந்தவை, ஆனால் எது யாருடையது என்பதை எழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கமலா, கமலன் இருவரும் அடுத்தடுத்து இருந்தால் இன்னும் நல்லது. கடைசி எழுத்து வரைக்கும் பார்த்தாக வேண்டும்.